கோத்தகிரியில் ஒரு பறவை நடைச் சேவை: சோலைக்கிளியைக் காட்டும் விதம் குறித்து ஒரு மதிப்பீடு

கோத்தகிரியிலிருந்து இயங்கும் சிறிய சுற்றுலா நிறுவனம் ஒன்று, நீலகிரியின் சோலைக்காட்டுப் பறவைகளைக் காட்டுவதற்கென்று இரண்டு சேவைகளை நடத்துகிறது. முதலாவது, விடியலில் தொடங்கி முற்பகலில் முடியும் பறவை நடை. ஒருவருக்கு 1,800 ரூபாய். இரண்டாவது, தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் பச்சைத் துணி கட்டி அமைத்திருக்கும் மறைவிடத்தில் அமர்ந்து படமெடுக்கும் வசதி. அரை நாளுக்கு 2,500 ரூபாய். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்ததில், நடை கொடுத்த காசுக்குத் தகும், மறைவிடம் தகாது என்பது என் முடிவு. பறவை வரவில்லை என்ற ஏமாற்றத்தில் இதைச் சொல்லவில்லை. பறவை மிக அருகில் வந்ததே மறைவிடத்தில்தான். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். கீழே சொல்லப்போகும் குறைகள் உதகையிலும் கொடைக்கானலிலும் மூணாறிலும் இதே தொழிலைச் செய்யும் பலருக்கும் பொருந்தும் என்பதால், ஒருவரை மட்டும் சுட்டுவது நியாயமாகப்படவில்லை.

இந்த நடைக்கு ஆட்கள் வருவதே பெரும்பாலும் ஒரு பறவைக்காகத்தான். நீலகிரி சோலைக்கிளி என்று அழைக்கப்படும் அது கிளி இனத்தைச் சேர்ந்ததன்று; ஈப்பிடிப்பான்களின் குடும்பத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமுள்ள பாடும் பறவை. முதுகும் மார்பும் கருநீலம், விலாவும் வயிற்றின் பக்கங்களும் செம்பழுப்பு, நடுவயிறு வெண்மை, கால்கள் உடலளவுக்கு நீண்டவை. ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதால் பார்வையால் பிரித்தறிய இயலாது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியிலும் அதிலிருந்து வயநாடு, பிரம்மகிரி, பாபாபுதன் மலைகள் வரையிலும் உயரமான இடங்களில் மட்டுமே இது வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது அருகிய இனம் என்ற வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. அதாவது, அழிவின் விளிம்பில் இருப்பவற்றுக்கு அடுத்த படியில் நிற்கிறது.

நடை நடக்கும் இடம் கோத்தகிரிக்கு அருகிலுள்ள லாங்வுட் சோலை. மொத்தப் பரப்பே ஏறத்தாழ 116 ஹெக்டேர்தான். சுற்றிலும் தேயிலை, வீடுகள், சாலைகள். 2024 ஜனவரியில் இச்சோலை, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது வெளியான அறிவிப்பில், மேற்குத்தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவை இனங்களில் 14 இங்கே இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தார்கள். சோலைக்கிளியும், நீலகிரிச் சிரிப்பானும், நீலகிரிக் காட்டுப்புறாவும் பெயர் சுட்டிச் சொல்லப்பட்டிருந்தன. சுற்றுவட்டார ஊர்கள் குடிநீருக்கு இச்சோலையை நம்பியிருப்பதால், பறவையில் அக்கறை இல்லாதவரும் இதைக் காக்க நினைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காப்புக்காடு என்பதால் வனத்துறையின் அனுமதி வேண்டும். அதை நிறுவனமே முன்கூட்டிப் பெற்றுவிடுகிறது. தனியாக வருபவர் அலுவலக நேரத்துக்குக் காத்திருந்து அனுமதி வாங்குவதற்குள் பறவைகள் ஓய்ந்துவிடும் என்பதைக் கணக்கில் கொண்டால், கட்டணத்தில் ஒரு பங்கு இந்த வேலைக்கே சரியாகிவிடுகிறது.

வழிகாட்டி அருகிலுள்ள ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றைச் சேர்ந்த இளைஞர். குழுவில் ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று முன்பதிவின்போது சொன்னதைக் காப்பாற்றினார்கள். உள்ளே நுழைந்ததும் கைபேசிகளை ஒலியடக்கச் சொன்னார். அட்டைக்கு மூக்குப்பொடி கலந்த எண்ணெயைக் காலுறையில் தடவிவிட்டார். அதன்பின் வெகுநேரம் எதையும் காட்டாமல் கேட்க மட்டும் சொன்னார். நல்ல முறை இது. சோலைக்குள் வெளிச்சம் குறைவு, மரங்கள் குட்டையாகவும் நெருக்கமாகவும் பாசி படர்ந்தும் நிற்கும், அடியில் குறிஞ்சி இனப் புதர்கள் இடுப்பளவுக்கு மண்டியிருக்கும். அங்கே கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். சிரிப்பான்களின் கூட்டம் தலைக்கு மேலே ஓங்கிச் சிரித்து அமளி செய்துகொண்டிருக்க, அதற்கு அடியில் மெல்லிய சீழ்க்கைகளும் இடையிடையே கரகரப்பும் கலந்த ஒரு பாடல் புதருக்குள்ளிருந்து வந்தது. அது எந்தப் பக்கம் என்று அவர் கையால் காட்டினாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

சிறிது நேரத்தில் பறவை நடைபாதைக்கே வந்தது. நனைந்த சருகுகளுக்கு நடுவே இரண்டு தத்தல், ஒரு நிறுத்தம். அலகால் ஓர் இலையைப் புரட்டிவிட்டு, அடியிலிருந்து எதையோ கொத்திக்கொண்டு, வாலை ஒருமுறை விரித்து மடக்கியது. கண்ணுக்கு மேலே வெளிறிய புருவக் கோடும், விலாவின் செம்பழுப்பும் இருநோக்கியில் துல்லியமாகத் தெரிந்தன. விடிகாலையிலும் அந்தியிலும் வெளிச்சம் மங்கியிருக்கும்போது இப்படிப் பாதையோரம் இரை தேடுவது அதன் வழக்கம் என்றும், வெயில் ஏறிவிட்டால் மறுபடி புதருக்குள் போய்விடும் என்றும் பின்னர் விளக்கினார். விடியலுக்கு முன்பே எழுப்பி அழைத்து வந்ததற்கு யாரும் முணுமுணுக்காதபடி அந்தச் சில நிமிடங்கள் செய்துவிட்டன.

ஆனால் இந்த நடையின் உண்மையான மதிப்பு அதற்குப் பின்னர்தான் தெரிந்தது. குழுவில் ஒருவர், சாலையிலிருந்து இத்தனை பக்கத்தில், இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் பறவையை ஏன் அருகிய இனம் என்கிறார்கள் என்று கேட்டார். நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இக்கேள்விக்குப் பெரும்பாலான வழிகாட்டிகள் ‘ரேர் சார்’ என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார்கள். இவரோ எங்களைச் சோலையின் விளிம்புக்கு அழைத்துச் சென்று, எதிர்ச்சரிவில் தேயிலைக்கு நடுவே ஒட்டுப்போட்டதுபோல் கரும்பச்சையாகத் தெரிந்த இன்னொரு சோலைத் துண்டைக் காட்டினார். “அங்கயும் இருக்கு சார். ஆனா இங்க இருக்கறது அங்க போறது கஷ்டம். தேயிலைக்குள்ள இதுக்கு நிக்க இடமில்ல, ஒளிய புதரில்ல” என்றார்.

சிவப்புப் பட்டியலின் விதிகளை அறிந்தவர்களுக்கு அவர் சொன்னதன் பொருள் விளங்கும். ஓர் இனம் எத்தனை அருகியது என்பதை எண்ணிக்கையை மட்டும் வைத்து அங்கே முடிவு செய்வதில்லை. அதன் பரவல் எல்லை 5,000 சதுர கிலோமீட்டருக்குக் குறைவாக இருந்து, அந்த எல்லைக்குள்ளும் வாழிடம் கடுமையாகத் துண்டுபட்டோ மிகச் சில இடங்களில் மட்டுமோ எஞ்சியிருந்து, பரப்போ தரமோ தொடர்ந்து குறைந்துகொண்டும் வந்தால், அந்த இனம் அருகியதாக வகைப்படுத்தப்படும். எல்லை 20,000 சதுர கிலோமீட்டர் வரை இருந்தால் அதற்கு ஒரு படி கீழே, அழிவாய்ப்பு இனமாக. ஆகவே ஒரு நல்ல சோலைக்குள் நிற்பவருக்கு இப்பறவை தாராளமாகக் கிடைப்பதும், பட்டியல் அதை அருகியது என்பதும் முரண்பட்ட செய்திகள் அல்ல. சோலைக்குள் அதற்குக் குறைவில்லை. அத்தகைய சோலைகள்தாம் குறைவு, அவற்றுக்கிடையே வழியும் இல்லை.

சோலைகள் இயற்கையிலேயே துண்டு துண்டானவை என்பதையும் அவர் மறைக்கவில்லை. மலைமடிப்புகளில் சோலை, சரிவுகளிலும் முகடுகளிலும் புல்வெளி என்பதுதான் இம்மலைகளின் பழைய அமைப்பு. அந்தப் புல்வெளிகளில்தான் ஆங்கிலேயர் காலம் முதல் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர மரமும் பைன் மரமும் நடப்பட்டன. பின்னர் தோல் பதனிடவும் செயற்கை இழை ஆலைகளுக்கும் என்று அவை பெருகின. பழனி மலையில் நாற்பது ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, அங்கே மலைப்புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் காட்டியது. நீலகிரியில் இதனுடன் தேயிலையும், காய்கறி விவசாயமும், இப்போது விடுதிகளும் சேர்ந்துகொண்டன. சோலைக்கிளியையும் சிரிப்பானையும் மரபணு வழியாக ஒப்பிட்ட 2015ஆம் ஆண்டு ஆய்வொன்று, மனிதர்கள் அண்மைக்காலத்தில் காட்டைத் துண்டாக்கியதன் விளைவு இப்பறவைகளின் கூட்டங்களில் ஏற்கெனவே பதிந்திருப்பதை எடுத்துக்காட்டியது. வழிகாட்டி ஆய்வுகளின் பெயரைச் சொல்லவில்லை என்றாலும் செய்தி அதுவேதான். கேட்டவர்கள் அதன்பின் சிரிப்பானையும் காட்டுப்புறாவையும்கூட வேறு கண்ணோடு பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றியது.

சீகை மரங்களை முழுக்க வெட்டிவிட்டால் சரியாகிவிடுமா என்ற கேள்விக்கு அவர் அவசரப்பட்டு ஆமென்று சொல்லாததையும் பாராட்டத்தான் வேண்டும். சில பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. அங்கே ஒரேயடியாக வெட்டினால், அதே மண்ணில் புதைந்து கிடக்கும் சீகை விதைகள்தான் முதலில் முளைக்கும். புல்வெளியாக இருந்த இடத்தில் ஒரு முடிவும், சோலை தலையெடுக்கும் இடத்தில் வேறொரு முடிவும் எடுக்க வேண்டும் என்பது இம்மலைகளில் பல காலமாக நடந்துவரும் வாதம். இதையெல்லாம் ஒரு காலை நடையில் சொல்லக் கூடியவர் கிடைப்பது அரிது.

இப்போது குறைகள். நடை முடிந்ததும் ஒவ்வொருவர் கையிலும் நெகிழித் தாளில் பொதிந்த அட்டை ஒன்றைக் கொடுக்கிறார்கள். ஒரு பக்கம் பறவைகளின் படம், மறுபக்கம் அவற்றின் பாதுகாப்பு நிலை. அழகாக அச்சிட்டிருக்கிறார்கள், உள்ளடக்கம்தான் பழையது. சோலைக்கிளிக்கு அதில் பிராக்கிப்டெரிக்ஸ் என்ற பேரினப் பெயர் இருக்கிறது. கணவாய்க்கு வடக்கே உள்ளதையும் தெற்கே உள்ளதையும் ஒரே இனமாகச் சேர்த்து, ஒரே பாதுகாப்பு வகையைக் கொடுத்திருக்கிறார்கள். நீலகிரிப் பறவையை 1840களில் ஜெர்டன் என்ற இயற்கையியலாளரும், பழனி மலைப் பறவையை 1860களில் பிளான்ஃபோர்டு என்ற இயற்கையியலாளரும் தனித்தனியாக விவரித்தார்கள். பிற்காலத்தில் இரண்டையும் ஒன்றாக்கி, பின்னர் மீண்டும் பிரித்தார்கள். 2017இல் வி.வி.ராபின், சுஷ்மா ரெட்டி, உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு, இவை இதுவரை வைக்கப்பட்ட எந்தப் பேரினத்தையும் சேர்ந்தவை அல்ல என்று காட்டி, சோலிகோலா என்ற புதிய பேரினத்தை உருவாக்கியது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ளதை மூன்றாவது இனமாகவும் விவரித்தது. சிரிப்பான்களுக்கும் அதே ஆய்வில் மான்டிசின்க்லா என்ற புதிய பேரினம் கிடைத்தது.

இது பெயர்ப் பிரியர்களின் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் பாதுகாப்பு நிலை இதைப் பொறுத்தே மாறுகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்தால் பரவல் எல்லை பெரிதாகத் தெரியும், ஆபத்து சிறிதாகத் தெரியும். பிரித்தால்தான் நீலகிரி சோலைக்கிளி அருகிய இனம் என்பதும், தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் உள்ள வெண்வயிற்றுச் சோலைக்கிளி அழிவாய்ப்பு இனம் என்பதும் தனித்தனியே வெளிப்படும். சிரிப்பான்களிலும் இதே கதைதான்: வயநாட்டின் சில உச்சிகளில் மட்டும் எஞ்சியிருக்கும் பாணாசுரச் சிரிப்பானை நீலகிரிச் சிரிப்பானோடு சேர்த்தே எண்ணிக்கொண்டிருந்தவரை, அதன் நெருக்கடி வெளியே தெரியவில்லை, இன்று அது தனியாக அருகிய இனங்களின் வரிசையில் இருக்கிறது. சோலையின் விளிம்பில் நின்று இத்தனை தெளிவாகப் பேசிய இளைஞரின் கையில் இப்படியோர் அட்டையைக் கொடுத்து அனுப்பியிருப்பது நிறுவனத்தின் அசிரத்தை. நான் சுட்டிக்காட்டியபோது, அச்சிட்டவை தீரும்வரை இதுதான் என்றார்கள்.

அடுத்தது, இதைவிடப் பெரிது. நடையின் பிற்பகுதியில், தாமதமாக வந்து சேர்ந்த இருவர் பறவையைப் பார்க்கவில்லை என்று குறைப்பட்டதும், வழிகாட்டி தம் கைபேசியிலிருந்து பாடலை ஒலிக்கவிட்டார். தன் எல்லைக்குள் வேறொரு பறவை நுழைந்துவிட்டதாக எண்ணி வீட்டுக்காரப் பறவை வெளியே வரும் என்பதே இந்த உத்தி. இரை தேடவும் கூட்டைக் காக்கவும் வேண்டிய நேரத்தை அது இல்லாத எதிரியைத் தேடுவதில் செலவழிக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை மரப்பொந்திலோ மண்திட்டின் குழியிலோ இரண்டே முட்டைகளிட்டு அடைகாக்கும் பறவைக்கு இது சிறிய தொந்தரவன்று. ஒரே சோலைக்கு வாரம் முழுவதும் வெவ்வேறு குழுக்கள் வந்து இதையே செய்தால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கைபேசித் திரையில் அந்த ஒலிப்பதிவின் பெயரில் மூணாறு என்று இருந்தது. மூணாற்றில் பாடுவது கணவாய்க்குத் தெற்கேயுள்ள இனம். சோலைக்கிளிகளின் பாடல் இடத்துக்கு இடம் வேறுபடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கும்போது, கோத்தகிரிப் பறவையிடம் அயல்மலைப் பாடலைப் போட்டுக் காட்டினார்கள். பறவை வரவில்லை, எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

மறைவிடத்தைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. தோட்ட ஓரத்தில், சோலை முடியும் இடத்தில், ஒரு கல்தொட்டியில் தண்ணீர். அதைச் சுற்றிப் பாசி படர்ந்த கட்டைகள். கட்டைகளின் பின்புறம், படத்தில் விழாத இடத்தில், டப்பாவிலிருந்து கொட்டிய உயிருள்ள புழுக்கள். நாற்காலி வசதியானது, வெளிச்சம் நன்றாக விழுகிறது, தேநீர் சூடாக வருகிறது. சோலைக்கிளி வந்தது, ஈப்பிடிப்பான்கள் வந்தன, படங்களும் குறை சொல்ல முடியாதபடி கிடைத்தன. ஆனால் வெளிச்சத்துக்கு அஞ்சிப் புதருக்குள் வாழும் பறவையை, திறந்தவெளியில், நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்துக்கு வரப் பழக்குகிறார்கள். அந்த நேரமும் இடமும் வல்லூறுக்கும் தோட்டத்துப் பூனைக்கும் தெரியாமலா போகும்? பறவை ஏன் அருகிய இனம் ஆயிற்று என்பதற்கு அங்கே ஒரு சொல்லும் இல்லை. பொறுப்பாளரிடம் கேட்டதற்கு, லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் என்று திருப்பிக் கேட்டார்.

நடைமுறைச் செய்திகள் சில. நீலகிரிக்குள் வெளியூர் வாகனங்கள் வர இ-பாஸ் கட்டாயம். அதை நீங்களேதான் எடுக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் புட்டிகளுக்கு மாவட்டம் முழுவதும் தடை இருப்பதால் எஃகுக் குடுவை கொண்டுவரவும். வாடகைக்குத் தரும் இருநோக்கிகளில் பாதிக்கு மேல் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறது. சொந்தமாக இருந்தால் அதுவே நல்லது. காலைச் சிற்றுண்டி என்று விளம்பரத்தில் போட்டிருப்பது வர்க்கியும் தேநீரும் மட்டும்தான், ஆனால் வர்க்கி புதிதாக இருந்தது. கோத்தகிரிப் பேருந்து நிலையத்திலிருந்து அவர்களே ஜீப்பில் அழைத்துச் செல்கிறார்கள், நேரந்தவறாமை குறிப்பிடத்தக்கது. பாடலைக் கேட்பதே நோக்கம் என்றால் கோடையின் தொடக்கத்தில் வரலாம். தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டால் அட்டைகளோடும் மூடுபனியோடும் போராடுவதிலேயே காலை கழிந்துவிடும்.

ஐந்துக்கு நடைக்கு நான்கு மதிப்பெண்ணும் மறைவிடத்துக்கு ஒன்றும் கொடுப்பேன். முன்பதிவு செய்யும்போது, ஒலிப்பதிவை ஒலிக்கவிடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்; நான் தொலைபேசியில் கேட்டபோது, குழுவில் எல்லாரும் ஒப்புக்கொண்டால் அப்படி நடத்த ஆட்சேபணை இல்லை என்றார்கள். கட்டணம் மாறாது.